ஹார்டு டிஸ்க்குக்கு வைத்த சந்தனப் பொட்டு

போன வருஷம் துர்கா பூஜை சமயத்தில் நடந்தது இது. வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. மருமகளின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மகனும் மருமகளும் திருநெல்வேலிக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் பேத்தியும் மட்டும். போகும்போது மகன், அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் சொன்னான். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளிடமும் சொன்னான். இரண்டு பேருமே சரியாகப் பார்க்கவில்லை.

பேத்தி யூனிவர்சிட்டியில் டிஜிட்டல் மீடியா என்று ஒரு படிப்பில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். படம் எடுப்பது, சத்தம் பதிவு செய்வது, கம்ப்யூட்டரில் வைத்து வெட்டி ஒட்டுவது, எல்லாம் அதில் வரும். நான் படித்தது ஐந்தாம் கிளாஸ். அதிலும் கணக்கு டீச்சர் வரும் நாளெல்லாம் எனக்கு வயிற்று வலி. அதனால் எனக்கு அந்தப் படிப்பு பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், "போன் நோண்டுறதுக்குப் படிக்கா. நம்ம தெருவில எல்லாரும் படிக்காமலே பாஸ் பண்ணின பாடம்" என்பேன். பேத்தியும் சிரிப்பாள். சிரித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தச் சாத்தல் எனக்கு அப்போது கேட்கவே இல்லை.

என் மகனுக்கும் அந்தப் படிப்பில் நம்பிக்கை கிடையாது. பூஜை விடுமுறை முடிந்து யூனிவர்சிட்டி திறக்கும் அன்றைக்கு, பயிற்சிக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வருவதாக இருந்தது. அவரவர் எடுத்த படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். அதில் தேறினால் அவள் இஷ்டம், தேறாவிட்டால் மறுநாளே பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் கிளாஸ் என்று மகன் சொல்லிவிட்டான். அவளும் சரி என்று ஒப்புக்கொண்டாள்.

அவள் எடுத்த படம் ஹூக்ளி ஆற்றுப் படகுத்துறையில் கயிறு வீசுகிற ஒரு மனிதரைப் பற்றியது. ஹவுராவிலிருந்து படகு வந்து சேரும்போது ஒருவர் கயிற்றை வீசிக் கம்பத்தில் மாட்டி இழுப்பார், பார்த்திருப்பீர்கள். நாம் இறங்குகிற அவசரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவளும் அவளோடு படிக்கிற ஒரு வங்காளிப் பெண்ணும் நாலு மாதம் அந்த மனிதர் பின்னாலேயே அலைந்து படம் பிடித்தார்கள். அப்புறம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பீகாரில் தன் ஊருக்குப் போய்விட்டார். திரும்ப எடுக்க முடியாத படம். அது முழுக்க ஒரு கருப்புப் பெட்டியில் இருந்தது. வெற்றிலைப் பெட்டி அளவுகூட இருக்காது. ஹார்டு டிஸ்க் என்பார்கள்.

இப்போது நவமிக்கு வருகிறேன். இந்த ஊர்க்காரர்கள் சரஸ்வதி பூஜையை மாசி மாதத்தை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு நவராத்திரியில். "அதான் காலேஜ்ல சரஸ்வதி பூஜை பண்ணியாச்சே ஆச்சி, எத்தனை வாட்டி?" என்று பேத்தி கேட்பாள். "அது அவங்க சரஸ்வதி, இது நம்ம சரஸ்வதி. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லி வைட்டி, ஒருத்தி மறந்தாலும் இன்னொருத்தி பாத்துக்குவா" என்பேன். அன்றைக்குக் காலையில் புத்தகம் கேட்டதற்கு, இரண்டு பழைய நோட்டைத் தந்துவிட்டு, கூடப் படிக்கிறவர்களோடு பந்தல் பார்க்கப் போய்விட்டாள்.

நான் மணை போட்டு, என் கத்தரிக்கோல், தையல் மிஷின் ஊசி டப்பா, அரிவாள்மணை, மகனின் ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் எடுத்து வைத்தேன். அந்த இரண்டு பழைய நோட்டையும் வைத்தேன். பார்க்க ஏழையாக இருந்தது. படிக்கிற பிள்ளையின் தொழிலுக்கு உண்டான சாமான் ஒன்றுகூட இல்லையே என்று மனசு கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் பை தொங்கியது. அதிலிருந்து கருப்புப் பெட்டியை எடுத்தேன்.

நாளைக்கு வரைக்கும் தேடட்டும், காலையில் பிரசாதத்தோடு கையில் கொடுத்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. என் புத்தியே அப்படி. சின்ன வயசிலிருந்து மற்றவர்கள் செருப்பை ஒளித்து வைத்தே வளர்ந்தவள் நான்.

எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பெட்டி வழவழவென்று இருந்ததால் பொட்டு நிற்கவில்லை, வழுக்கியது. திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம். நெற்றி மாதிரி வாகாக இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அதில் நன்றாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். விழவே இல்லை. நான் வைத்த பொட்டிலேயே அதுதான் அழகு. பிறகு எல்லாவற்றையும் அடுக்கி, மேலே ஒரு பட்டுத்துணியைப் போர்த்திவிட்டேன். மறுநாள் தசமியன்று மறுபூஜை செய்யும்வரை யாரும் தொடக் கூடாது.

மாலை நாலு மணிக்கு வந்தவள், படத்தில் கடைசியாக ஒரு திருத்தம் செய்ய வேண்டும் என்று பையைத் திறந்தாள். அப்புறம் பையைக் கவிழ்த்தாள். அப்புறம் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தாள்.

"ஆச்சி, என் ஹார்டு டிஸ்க் பாத்தியா? கருப்பா, சின்னதா?"

"கருப்பா சின்னதா இந்த வீட்டில நான் ஒருத்திதான் இருக்கேன்" என்றேன்.

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். அன்றைக்கு என்னைப் பார்க்கவே இல்லை. விரல்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு நகல் இருக்காதா என்று கேட்டேன். மூன்று இடத்தில் வைக்கச் சொல்லி வாத்தியார் சொல்லியிருந்தாராம். லேப்டாப்பில் இடமில்லை என்று அழித்துவிட்டாளாம். சிநேகிதியின் டிஸ்க்கை வேறு ஒரு படப்பிடிப்புக்காகத் துடைத்துவிட்டார்களாம். பூஜை முடிந்ததும் நகல் எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தாள். எல்லாம் அந்த ஒரு பெட்டியில்தான்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே அடி எடுத்து வைத்தால் பட்டுத்துணி. ஆனால் மறுபூஜைக்கு முன்னால் கலைக்கக் கூடாதே என்று ஒரு சாக்கு. விடிந்தால் தரப்போகிறோம், இவ்வளவு நேரம் தேடியதற்கு இரட்டிப்புச் சந்தோஷமாக இருக்கும் என்று இன்னொரு சாக்கு. வாயில் சுண்டலை வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருந்தேன்.

அப்புறம் அவள் அந்த வங்காளிப் பெண்ணுக்குப் போன் செய்தாள். முந்தின நாள் படகில் வரும்போது கொஞ்ச நேரம் பை அந்தப் பெண்ணிடம் இருந்ததாம். முதலில் மெதுவாகத்தான் கேட்டாள். நீ எடுத்து வைத்தாயா, ஞாபகம் பண்ணிப் பார் என்றாள். ஐந்து நிமிஷத்தில் குரல் மாறிவிட்டது. படத்தை உன் படம் என்று காட்டத்தானே எடுத்தாய் என்று வங்காள மொழியில் கத்தினாள். போனுக்குள் அந்தப் பெண் அழுவது எனக்கே கேட்டது. இவளும் அழுதாள். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லிவிட்டாளே. இனிமேல் இதை விளையாட்டு என்று எந்த வாயால் சொல்வேன்?

தசமி காலையில் அவள் எழுந்ததும் எழாததுமாகப் படகுத்துறை ஆபீஸுக்குப் போய்த் தொலைந்த சாமான் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கக் கிளம்பிவிட்டாள். காபிகூடக் குடிக்கவில்லை. அவள் செருப்புச் சத்தம் படியிறங்கும்வரை காத்திருந்து, குளித்து, கற்பூரம் காட்டி, துணியை எடுத்தேன்.

கடையில் வாங்கிய சந்தனத் தூள் அது. ராத்திரியில் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அப்போதுதான் அந்தப் பள்ளத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். அவள் தினமும் ஒயரை அதில்தான் செருகுவாள். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நெற்றி என்று நினைத்து வாயில் அப்பியிருக்கிறேன்.

உடனே கொண்டை ஊசியை எடுத்துத் தோண்ட ஆரம்பித்தேன். சந்தனம் தூள்தூளாக வந்தது. அதோடு தங்க நிறத்தில் முடி மாதிரி ஒரு கம்பித்துண்டும் வந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் தவறியபோதுகூட நான் அழுதேன், பயப்படவில்லை. அன்றைக்குப் பயந்தேன். நாலு மாதம் வெயிலில் நின்ற இரண்டு பெண்களின் உழைப்பைக் கொண்டை ஊசியால் குத்திவிட்டேன். இனி கோச்சிங் கிளாஸ்தான். அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். தினமும் அந்தக் கிளாஸுக்குப் போவாள், நான் தினமும் அதைப் பார்க்க வேண்டும்.

தசமி. ரிப்பேர் கடை எதுவும் திறந்திருக்காது. குவார்ட்டர்ஸ் மைதானத்துப் பந்தலில் பெரிய திரை ஒன்று வைத்து ஐந்து நாளாக அதில் படம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதை ஓட்டுகிறவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று தோன்றியது. பெட்டியையும் அந்தக் கம்பித்துண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு இறங்கினேன்.

பந்தலில் சுமங்கலிகள் அம்மனுக்குக் குங்குமம் பூசக் கூடியிருந்தார்கள். நான் ஓரமாகச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு மடக்கு மேஜை, லேப்டாப், மலைபோல ஒயர். முப்பது முப்பத்தைந்து வயதில், தலைமுடியை ஆண் மாதிரி வெட்டிய ஒரு பெண் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். திரையை ஓட்டியது அவள்தான். பன்னிரண்டு மணிக்கு லாரி வரும், எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்றாள். அப்போது மணி பத்தேகால்.

எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காள மொழியில் விஷயத்தைச் சொல்லி முடிச்சை அவிழ்த்தேன். வாங்கிப் பார்த்தவள் ஒரு விரலால் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாஷிமா என்று பெரியம்மா முறை சொல்லி என்னைக் கூப்பிட்டு, வெளிக்கூட்டைத் திறந்தால் உள்ளே பிழைத்திருக்கலாம், சொல்ல முடியாது என்றாள். பிறகு கேட்டாள், இது யாருடையது?

என்னுடையது என்று சொல்லிவிட்டேன். பயத்தில் பொய் தானாக வந்தது.

பெட்டியின் பின்பக்கம் பேத்தி ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். அதில் படத்தின் பேர், இரண்டு பெண்களின் பேர், கடைசி வருஷம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம். எனக்கு அது வெறும் கோடு. அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடைசி வருஷமா மாஷிமா? நல்லா படிங்க" என்றாள்.

பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டாள். கெஞ்சினேன். திறந்து சரிசெய்து கொடுத்துவிடு, அவளுக்குத் தெரியவே வேண்டாம், உன் காலில் விழுகிறேன் என்றேன். அவள் அசையவில்லை. தானும் இதே படிப்புதான் படித்ததாகச் சொன்னாள். படித்து முடித்த புதிதில் ஒருவன் கொண்டுவந்த டிஸ்க்கைக் கேள்வி கேட்காமல் திறந்து கொடுத்தாளாம். அது இன்னொருத்தியின் வேலை. அவன் அதைத் தன் வேலை என்று காட்டி வேலையில் சேர்ந்துவிட்டானாம். அதிலிருந்து உண்டாக்கியவர் வந்து தலையாட்டாமல் யாருடைய பெட்டியையும் திறப்பதில்லை.

"அவளைக் கூப்பிடுங்க. லாரி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

என் பட்டன் போனை எடுத்தேன். மகன் முதல் எண்ணில் தன்னையும் இரண்டாம் எண்ணில் பேத்தியையும் போட்டுக் கொடுத்திருந்தான். இரண்டை அழுத்தி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். என் கட்டை விரல் அந்த எண்மேல் நின்றுகொண்டே இருந்தது. பந்தலுக்குள் டாக் மேளம் அடித்தார்கள். அழுத்தினேன். இரண்டு மணியிலேயே எடுத்தாள். டிஸ்க் கிடைத்த சேதி என்று நினைத்தாளோ என்னவோ, குரலில் அவ்வளவு ஆசை.

"ஏட்டி, அது எங்கிட்டதான் இருக்கு."

"எது?"

"கருப்புப் பெட்டி. பூஜையில வச்சிருந்தேன்."

ஆற்றுக் காற்றுச் சத்தத்துக்கு நடுவே கேட்டாள்.

"நேத்து நான் அழுதப்பவும் உங்கிட்டதான் இருந்துச்சா ஆச்சி?"

"ஆமா."

சந்தனம், கொண்டை ஊசி, கம்பித்துண்டு, மைதானம், லாரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். போன் எப்போது நின்றது என்று தெரியவில்லை. வருகிறேன் என்று சொன்னாளா, கேட்டதும் வைத்துவிட்டாளா, அதுவும் தெரியவில்லை.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்தப் பெண் என்னை உட்கார வைத்தாள். மண் குவளையில் டீ தந்தாள். குடிக்க முடியவில்லை. என் பதற்றத்தைக் குறைக்கவோ என்னவோ, வேலை செய்துகொண்டே பேசினாள். அவளோடு படித்தவர்களில் ஒருத்தி சீரியலுக்குக் கீழே ஓடும் எழுத்தைப் போடுகிறாளாம். ஒருவன் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் காலடிச் சத்தம், கதவுச் சத்தம் செய்கிறானாம். ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு விளக்கப் படம் செய்து தருகிறாள். ஒருவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மருந்துக்கடை வைத்துவிட்டான். தனக்குப் பூஜைக்கும் கல்யாணத்துக்கும் வேலை உண்டு, மழைக்காலத்தில் சும்மாதான் என்றாள். மூன்று வருஷமாகப் பேத்தியிடம் ஒரு தடவைகூட, இதைப் படித்து என்ன செய்வாய் என்று நான் நிஜமாகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேள்வி மாதிரி ஆரம்பித்துக் கேலியில்தான் முடித்திருக்கிறேன்.

பதினொன்றரைக்கே லாரி வந்துவிட்டது. ஆட்கள் திரையைத் துண்டு துண்டாகக் கழற்றி ஏற்றினார்கள். மேஜையை எடுக்கட்டுமா என்று இரண்டு முறை கேட்டார்கள். கடைசியில் எடுக்கலாம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் மைதானத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை என்றால்? அழுத கண்ணோடு ரோட்டைக் கடக்கிறவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த அரை மணியில் நான் மனசுக்குள் கண்ட கோரம் எதையும் இங்கே எழுதப்போவதில்லை.

வந்தாள். அம்மனை ஆற்றில் கரைக்கப் போகிற விசர்ஜன ஊர்வலத்தில் பஸ் நின்றுவிட்டதால் பாதி வழி நடந்தே வந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மேஜைக்குப் போனாள். திறக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். இவள் தலையாட்டினாள்.

மெல்லிய தகடு ஒன்றால் ஓரத்தை நெம்பியதும் கருப்புக்கூடு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே வெள்ளியாக இன்னொரு சின்னப் பெட்டி. நான் குத்தியதெல்லாம் வெளியில் ஒட்டியிருந்த ஒரு பச்சைத் துண்டில்தானாம். சில கம்பெனிப் பெட்டியில் அந்தத் துண்டைக் கழற்ற முடியாது, இதில் முடியும், அதிர்ஷ்டம் என்றாள். கழற்றிவிட்டுத் தன் ஒயரை மாட்டினாள். உள்ளே ஏதோ சுற்றுகிற சத்தம் கேட்டது. லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கி மறுபடி மாட்டினாள். வரவில்லை. பேத்தியின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது, விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அந்தப் பெண் நிதானமாகப் பையைத் துழாவி வேறு ஒரு ஒயரை எடுத்து மாட்டினாள்.

லேப்டாப் திரையில் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. ஒன்றைத் தட்டினாள். ஆறு. படகு. ஒரு வயசான மனிதர் இடுப்பை வளைத்துக் கயிற்றை வீசினார். கயிறு காற்றில் அவிழ்கிற சத்தம்கூடக் கேட்டது. அது கம்பத்தில் விழுந்து இறுகியதும் அவர் திரும்பி, யாரையும் பார்க்காமல், தனக்குள்ளேயே சின்னதாகச் சிரித்துக்கொண்டார். எத்தனையோ வருஷம் அந்தத் துறையில் இறங்கியிருக்கிறேன். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. பேத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் அப்போதே தன்னுடைய டிஸ்க் ஒன்றில் முழுவதையும் நகல் எடுத்துக் கொடுத்தாள். எடுக்கும்போதே பேத்திக்குச் சரியான திட்டு. ஒரே ஒரு நகல் வைத்திருந்தவளுக்கு ஆச்சியைக் குறை சொல்ல வாயில்லை என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

லாரி போனபிறகு இருவரும் மைதானத்தில் நின்றோம். பேத்தி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அவகிட்ட நீதான் சொல்லணும் ஆச்சி. நான் சொன்னா அவ நம்பமாட்டா."

அங்கேயே, அவள் போனிலிருந்தே அந்த வங்காளிப் பெண்ணைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் மீன் வாங்கலாம், மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு வராது. தப்பும் தவறுமாகச் சொன்னேன். திருடி நான்தான் என்றேன். அவள், படம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றதும் ஓவென்று அழுதாள். அதற்கப்புறம் போனை இவள் வாங்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

யூனிவர்சிட்டி திறந்ததும் படத்தைக் காட்டினார்கள். கம்பெனி அந்த வங்காளிப் பெண்ணை எடுத்துக்கொண்டது, என் பேத்தியை எடுக்கவில்லை. கோச்சிங் கிளாஸுக்கு மகன் விண்ணப்பம் வாங்கி வந்தான். நான் குறுக்கே விழுந்து, அவளுக்கு ஆறு மாசம் கொடு என்று அவனோடு சண்டை போட்டேன். நாலாம் மாசம் ஒரு மியூசியத்தில், காதில் மாட்டிக் கேட்கிற விளக்கங்களைப் பதிவு செய்கிற வேலை கிடைத்தது. இப்போதும் நான் கேலி செய்கிறேன், அவளும் சிரிக்கிறாள். ஆனால் வீட்டில் யாராவது எதையாவது, ஒரு சீப்பையாவது தேட ஆரம்பித்துவிட்டால் போதும், உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு எழுந்து, யாரும் கேட்பதற்கு முன்னால் நானும் சேர்ந்து தேடுகிறேன். சிரிக்க வைக்க நினைத்த ஒரு விளையாட்டு ஒரே ஒரு நாள் வாய் திறக்காததால் பொய்யாகிவிடும் என்ற பயம் இன்னும் என் கைகளை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.